இலைமேல் தூசு

இல்லத்தின் உள்ளே தொட்டியில் செடி வளர்க்கும் வழக்கம் நம் சமூகத்தாரிடையே கடந்த இரண்டு தலைமுறைகளில் வந்து சேர்ந்ததாகும். வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளில் செடிகொடிகளுக்குக் குறைவிருந்ததில்லை. ஆயினும் அவை முற்றத்திலும் கொல்லையிலும் கிணற்றடியிலும் வானத்தைப் பார்த்தபடி நின்றன. மழை அவற்றைக் கழுவிற்று, காற்று உலர்த்திற்று. நந்தியாவட்டை இலையைத் துணிகொண்டு துடைக்க வேண்டும் என்று எவரேனும் அந்நாளில் கூறியிருப்பின் வீட்டுப் பெரியவர்கள் நகைத்திருப்பர். இன்று கல்வியும் உத்தியோகமும் நம்மில் பலரை நகரங்களுக்கு அழைத்து வந்துவிட்டன. அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் ஒரு ரப்பர் செடி; சன்னலோரம் ஒரு மணி பிளான்ட்; வாயிற்கதவின் அருகே இரண்டு குரோட்டன்ஸ். அவற்றின் இலைமேல் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கிறது. அத்தனை தூசு!

இத்தூசினைத் துடைப்பது வீட்டுக்குறிப்பு எழுதுவோர்க்கு உரிய பொருளாயிற்றே, அறநெறி பேசும் இதழில் இதற்கு என்ன வேலை எனச் சிலர் எண்ணக்கூடும். ஓர் உயிரின் உடலை நம் கையால் தீண்டி, அதன்மீது நீரையோ எண்ணெயையோ தடவி, அதில் குடியிருக்கும் வேறு சில உயிர்களையும் அசைத்து விலக்கும் செயல் இது. மேசை நாற்காலியைத் துடைப்பதுபோல் இதைச் செய்துவிட இயலுமா? சிராவகக் குடும்பத்தில் பிறந்தவர்க்கு இவ்வினா எழாமல் இராது.

முதற்கண், தூசு செடிக்கு என்ன தீங்கு செய்கிறது என்பதைப் பார்ப்போம். இலையே செடியின் சமையற்கூடம். கதிரொளியைக் கொண்டு, நீரையும் கரியமில வாயுவையும் சேர்த்துத் தனக்கு வேண்டிய உணவை அது அங்கே ஆக்கிக்கொள்கிறது. தூசுப் படலம் ஒளியை மறைக்கிறது. வெட்டவெளியில் நிற்கும் செடிக்கு ஒளி மிகுதி. சிறிது மறைந்தாலும் குறைவில்லை. கூடத்தின் மூலையில் நிற்கும் செடிக்கோ கிடைப்பதே அரைவயிற்று ஒளி. அதிலும் ஒரு பங்கைத் தூசு தின்றுவிடுமானால் அது மெலியத்தான் செய்யும். வாயுவும் நீராவியும் போய்வரும் இலைத்துளைகள் பெரும்பாலான செடிகளில் இலையின் அடிப்பக்கத்தில் மிகுந்துள்ளன. ஆதலின் மேற்பக்கத்துத் தூசு ஒளியையும், அடிப்பக்கத்துத் தூசு மூச்சையும் தடுக்கின்றன எனலாம். நகர வீட்டுத் தூசு வெறும் மண் அன்று. சாலைப் புகைக்கரியும், ஊதுவத்திப் புகையும், தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவியும் கலந்து அது பிசுபிசுப்பாகப் படிகிறது. ஊதினால் போகாது. இன்னொன்றும் உண்டு: தூசு படிந்த இலையில் சிலந்திப்பேன் எனும் மிகச் சிறிய உயிர்கள் எளிதில் பெருகுகின்றன. இது பின்னர் நமக்குப் பயன்படப்போகும் செய்தி.

செடியைக் கூரையின்கீழ்க் கொண்டுவந்தவர் நாம். மழையை அதனிடமிருந்து விலக்கியவரும் நாமே. எனவே மழை செய்து வந்த வேலை நம் தலையில் ஏறுகிறது. கட்டிவைத்த பசுவுக்குத் தண்ணீர் காட்டுவது கருணையன்று, கடமை. அத்தகைய கடமைதான் இதுவும். இதைத் தட்டிக்கழித்துவிட்டு, ‘செடியைத் தீண்டினால் ஹிம்சை, ஆகையால் தூசோடு விட்டுவிட்டேன்’ என்று கூறுவது சோம்பலுக்குப் போர்த்திய தருமப் போர்வை.

அடுத்து, தீண்டுதல் என்பதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்பது நம் ஆகமங்களின் துணிபு. தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது அவ்வாறே கொள்கிறது. அந்த ஓர் அறிவு எது? கண்ணறிவன்று, செவியறிவன்று, உற்றறிவு, அதாவது தொடுவுணர்வு. செடிக்கு இருக்கும் ஒரே வாயில் அதுதான். நாம் இலையைத் துடைக்கும்போது செய்யும் செயலோ தொடுதலேயாகும். நம் அழகிய சொற்கள் அதற்குக் கேளா. நம் முகமலர்ச்சி அதற்குத் தெரியாது. நம் கை மென்மையாக வந்ததா, முரட்டுத்தனமாக வந்ததா என்பது ஒன்றே அதன் உலகத்தில் நுழையும் செய்தி. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பணியாற்றிய ஆண்டுகளில், இயற்கைப் பாடத்திற்கு மாதிரி வகுப்பு எடுக்கும் மாணவ ஆசிரியைகள் தொட்டாற்சுருங்கியைத் துணைக்கருவியாகக் கொண்டுவந்து, குழந்தைகள் முன்னே மீண்டும் மீண்டும் தட்டிக் காட்டுவர். ஒருமுறை காட்டினால் பாடம். பத்துமுறை தட்டினால் வேடிக்கை என்று பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி அனுப்புவோம்.

தொட்டாற்சுருங்கி மட்டுமன்று, எல்லாச் செடிகளும் தீண்டலை அறிகின்றன என்பதை இக்கால ஆய்வாளரும் கண்டுள்ளனர். அமெரிக்கத் தாவரவியலார் மார்க் ஜாஃபி என்பார் செடிகளின் தண்டினை நாள்தோறும் சிறிது நேரம் தேய்த்து வந்து, அவ்வாறு தேய்க்கப்பட்டவை உயரம் குன்றித் தடித்து வளர்வதை 1973ஆம் ஆண்டில் வெளியிட்டார். காற்றில் ஆடும் செடி தன்னை உறுதிசெய்துகொள்வது போன்றதே இது. அதனை நோவு என்று நாம் சொல்லிவிட முடியாது. ஆயினும் தொடுகை அதற்குள் ஒரு மாற்றத்தை விளைக்கிறது என்பதில் ஐயமில்லை. எனவே பொழுது போகாதபோதெல்லாம் துணியை எடுத்துக்கொண்டு இலையைத் தேய்ப்பதும் நன்றன்று. தூசு கண்ணுக்குத் தெரியுமளவு படிந்தபின், மாதத்திற்கு ஒன்றிரண்டு முறை துடைத்தால் போதும்.

இனி, இயற்கை முறை என்ற பெயரில் இன்று எங்கும் பரிந்துரைக்கப்படும் வழிகளுக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் தடவினால் இலை கண்ணாடிபோல் மின்னும் என்பர், உண்மைதான், மின்னும். அது இரண்டு நாள் மின்னல். பிறகு அவ்வெண்ணெயின்மீதே தூசு முன்னிலும் கெட்டியாகப் படியும். அடிப்பக்கத்தில் தடவினாலோ இலைத்துளைகள் அடைபடும். பொன்னூர் மலையில் தவமியற்றியவர் என்று நம்மவர் போற்றும் குந்தகுந்தாசாரியர், சமயசாரத்தில் ஓர் எடுத்துக்காட்டு அமைத்துள்ளார். உடலெங்கும் எண்ணெய் பூசிய ஒருவன் புழுதி நிறைந்த இடத்தில் நின்று, வாழையையும் மூங்கிலையும் வெட்டி ஆயுதப் பயிற்சி செய்கிறான். புழுதி அவன்மேல் அப்பிக்கொள்கிறது. அதே இடத்தில் அதே பயிற்சியை எண்ணெயின்றிச் செய்பவன்மேல் புழுதி ஒட்டுவதில்லை. ஒட்டச்செய்தது அவன் செயலன்று, எண்ணெய். வினையை உயிரோடு ஒட்டச்செய்வது பற்று முதலிய பசை என்பது அதன் உட்பொருள். இந்த உவமையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த நாம், இலைக்கு எண்ணெய் தடவுவதற்கு முன் சற்று நினைத்துப் பார்க்கலாம்! பளபளப்பு யாருக்கு வேண்டும்? செடிக்கு வேண்டுவது ஒளி உட்புகுதல். வெளியே திருப்பி எறியப்படும் பளபளப்பு வீட்டிற்கு வரும் விருந்தினர்க்கு உரியது. தருமம் கற்ற வீட்டிலே ஓர் உயிரை மரச்சாமான்போல் மெருகேற்றி நிறுத்துவது பொருந்தாது.

பாலில் நனைத்த துணியால் துடைக்கச் சொல்வாரும் உளர். பால் காய்ந்தபின் அதன் மெல்லிய படலம் இலையில் தங்கிப் பூசணத்திற்கு உணவாகிறது. வாழைப்பழத் தோலின் உட்புறத்தால் தேய்த்தாலும் பசைதான் மிஞ்சும். அவ்வினிப்பை நாடி எறும்புகள் தொட்டிக்கு வரும். எறும்பை வரவழைத்தவரே பிறகு எறும்புப்பொடி வாங்கக் கடைக்குப் போவார். எலுமிச்சைச் சாறு உப்புத்தண்ணீர்க் கறையை எடுக்கும் என்பது மெய்; மிகுந்தால் இலையையும் புண்ணாக்கும். இவையெல்லாம் சிறு பிழைகள். பெரிய வினா வேப்பெண்ணெயில் இருக்கிறது.

வேப்பெண்ணெயையும் சிறிது சோப்பையும் நீரில் கலந்து தெளித்துத் துடைத்தால் தூசும் போகும், பூச்சியும் போகும். இரசாயனம் இல்லை, இயற்கையானது, ஆகவே நம் தருமத்திற்கு ஏற்றது என்று நம் இல்லத்தரசியர் பலர் நம்புகின்றனர். ‘போகும்’ என்ற சொல்லுக்குள் என்ன நடக்கிறது? எண்ணெய்ப் படலம் மாவுப்பூச்சியின் மூச்சுத்துளைகளை அடைக்கிறது. வேம்பிலுள்ள சத்து, பூச்சியை உண்ணவொட்டாமல் செய்கிறது; வளரும் பருவத்தில் அது தோலுரிக்க இயலாதவாறு தடுக்கிறது. சோப்பு அதன் மெழுகுப் போர்வையைக் கரைத்து உடலை உலர்த்துகிறது. பட்டினியாலோ மூச்சுத்திணறியோ உலர்ந்தோ அது மாய்கிறது. கொன்றது வேம்பு, கம்பெனி மருந்தன்று என்பதால் மாய்ந்த உயிருக்கு என்ன ஆறுதல்? புகையிலைக் கஷாயமும் இயற்கையே. அதிலுள்ள நிகோடின் பூச்சியின் நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சு. பாம்பின் விடமும் இயற்கையே. இயற்கை என்பது ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் கூறும் சொல். அஹிம்சை என்பது அப்பொருளைக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதைக் கூறும் சொல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதுதான் இக்காலத்தில் நம்மவரிடையே பரவியுள்ள பெரும் மயக்கம் என்பது நம் கருத்து.

இதனை ஒருமுறை நம் உறவினர் வீட்டுத் திருமணத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, பயிர்த்தொழில் செய்யும் நம் மருமகன் குறுக்கிட்டார். “அத்தை, பப்பாளித் தோட்டமெல்லாம் மாவுப்பூச்சியால் வெள்ளைவெளேரென்று ஆனபோது நாங்கள் மருந்தடிக்காமலா இருந்தோம்? வயலில் அடித்தால் பிழைப்பு, தொட்டியில் அடித்தால் பாவமா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்; எனினும் கேள்வியில் வலி இருந்தது. அயல்நாட்டுப் பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களை அழித்ததும், அதனை ஒடுக்க 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டதும் விவசாயிகள் மறக்கக்கூடியவை அல்ல. தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தினர். ஏர் பூட்டாத வீடு நம்மிடையே அரிது. அந்த மண்ணில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்துவிட்டு, நகரத்துக் கூடத்தில் அமர்ந்து உழவனுக்கு அஹிம்சை போதிப்பது அழகன்று. அதை நாம் அறிவோம்.

ஆயினும் அவருடைய வினாவிற்கு நம் முன்னோர் வகுத்த பாகுபாட்டிலேயே விடை உள்ளது. ஹிம்சையை நால்வகையாகப் பிரித்தனர்: இல்லற வேலைகளில் தவிர்க்கவொண்ணாது நேர்வது ஆரம்பி, தொழிலில் நேர்வது உத்தியோகி, தற்காப்பில் நேர்வது விரோதி, கொல்லவேண்டும் என்று எண்ணியே செய்வது சங்கல்பி. துறவி நான்கையும் விடுகிறார். இல்லறத்தான் இயங்கும் உயிர்களிடத்துச் சங்கல்ப ஹிம்சையை முற்றிலும் விடுத்து, ஏனையவற்றை இயன்றவரை குறைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன். உழவனின் ஏர்முனையில் புழு மடிவது தொழிலின்பாற்பட்டது. அவன் மருந்தடிப்பது தொழிலா சங்கல்பமா என்பது கடினமான வழக்கு; குடும்பத்தின் சோறும் கடன்காரனும் அவ்வழக்கில் சாட்சிகள். நம் கூடத்து ரப்பர் செடிக்கு அத்தகைய சாட்சி யார்? அதைத் தின்று நாம் உயிர் வாழவில்லை. அது பட்டுப்போனால் நம் பிள்ளைகள் பட்டினி கிடக்கப்போவதில்லை. அலங்காரத்திற்காக நாமாக விரும்பிக் கொணர்ந்த ஒன்றைக் காப்பதற்காக மாவுப்பூச்சியைக் கொல்வோமாயின், பிழைப்பு என்ற திரையின்பின் ஒளிந்துகொள்ள நமக்கு வழியில்லை. இதைக் கூறியபோது மருமகன், “அப்படியானால் எங்களைக் காட்டிலும் உங்களுக்குத்தான் அத்தை கட்டுப்பாடு அதிகம்” என்றார். ஆம், அதிகந்தான்.

குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதி என ஒன்று உள்ளதை அன்பர்கள் அறிவர். பயனின்றிச் செய்யும் தீங்கினின்று விலகுதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதனை இல்லறத்தார்க்கு வைத்தன. வேண்டாது மண்ணைத் தோண்டுதல், நீரை இறைத்தல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவை இவ்விரதத்தால் விலக்கப்படுவன. தீவினைக்கு வழி சொல்லிக்கொடுத்தலும், கொலைக்கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலும் இதில் அடங்கும். பூச்சிக்கொல்லிக் கலவையின் செய்முறையை அண்டை வீட்டாரிடம் பெருமையாகக் கூறுவதையும், தெளிப்பானைக் கைமாற்றுக் கொடுப்பதையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று வாசகர்களே முடிவு செய்யட்டும்.

இலேசியைகளை விளக்கக் கூறப்படும் நாவல் மரக் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். பழம் வேண்டி மரத்தடிக்கு வந்த அறுவருள் ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணுகிறான். ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை, ஒருவன் கொத்தை, ஒருவன் பழத்தை மட்டும் பறிக்க எண்ணுகிறான். கடைசியானவன் கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினால் போதும் என்கிறான். பசி அறுவர்க்கும் ஒன்றே, எண்ணம் வேறு. தூசு துடைக்கும் நமக்கும் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள இது ஒரு நல்ல அளவுகோல்.

இனிச் செய்முறை. துறவியர் கையில் ஏந்தும் மயிற்பீலிப் பிஞ்சிகையை நினைவு கூர்வோம். மயில் தானாக உதிர்த்த பீலி, தூசையும் வியர்வையையும் ஏற்காதது, எடையற்றது, எந்தச் சிற்றுயிரின் மேல் பட்டாலும் நோவு தராத மென்மையுடையது. அமரும் இடத்தையும் எடுத்து வைக்கும் பொருளையும் முதலில் கண்ணால் நோக்கி, பின்னர்ப் பிஞ்சிகையால் ஒதுக்கி, அதன் பிறகே அவர் செயற்படுகிறார். இல்லறத்தார் பிஞ்சிகையைக் கையாள வேண்டுவதில்லை. அந்த வரிசைமுறையைக் கடன் வாங்கினால் போதும். கண் முன்னே செல்லட்டும், கை பின்னே வரட்டும். துணியைக் கையில் எடுக்குமுன் ஒவ்வோர் இலையின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் காம்பின் இடுக்கையும் பார்த்துவிட வேண்டும். சிலந்தியோ எறும்போ தென்பட்டால் மெல்லிய தாளொன்றை அதன் வழியில் நீட்டினால் ஏறிக்கொள்ளும், வெளியே விட்டுவிடலாம். வலை பின்னியிருக்கும் இலையை அம்முறை துடைக்காமல் விட்டாலும் குடி முழுகாது.

பகலில், கதிரவன் எழுந்தபின் செய்ய வேண்டும். நம்மவர் அந்திக்குப்பின் உண்ணாததற்குக் கூறும் காரணம் இங்கும் பொருந்தும்: விளக்கொளியில் சிற்றுயிர் தெரியாது, ஒளியை நாடியும் அவை வரும். செடிக்கும் அதுவே நலம். காலையில் நனைந்த இலை பகலில் உலர்ந்துவிடும், இரவில் நனைந்த இலையில் பூசணம் பிடிக்கும். முதலில் நன்கு துவைத்து நைந்த பருத்தித் துணியால், உலர்ந்த நிலையிலேயே தூசை ஒற்றி எடுக்க வேண்டும்; எடுத்த எடுப்பில் நீரைத் தெளித்தால் தூசு சேறாகி இலையைக் கீறும். பழைய வேட்டித் துண்டைவிடச் சிறந்த துணி இதற்கு இல்லை. இடக்கையை இலையின் அடியில் தாங்கலாக விரித்து, வலக்கையால் காம்பிலிருந்து நுனிநோக்கித் துடைக்க வேண்டும். தாங்கல் இல்லாமல் துடைத்தால் காம்பு ஒடியும். பிறகு வடிகட்டிய நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மீண்டும் ஒருமுறை. ஐந்தாறு இலை கொண்ட செடிக்கு ஒரு குவளை நீர் தாராளம். குளியலறைக் குழாயின்கீழ் நிறுத்தி வாளி வாளியாக ஊற்றுவது தூசுக்காக நீருயிர்களை அலைக்கழிப்பதாகும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நகரத்தில் அது அண்டை வீட்டாருக்கும் அநியாயம். ஆழ்குழாய் நீர் வெண்புள்ளி விட்டுச்செல்லும்; பிடித்து வைத்த மழைநீர் இருப்பின் மிக நன்று. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவாதலால் அதையும் துடைக்கப் பயன்படுத்தலாம்.

எல்லா இலைக்கும் ஈரத்துணி ஆகாது. கற்பூரவள்ளி போன்ற மயிரடர்ந்த இலைகளை மென்தூரிகையால் உலர்வாக நீவினால் போதும். சில கற்றாழை வகைகளின் மேலுள்ள வெண்பொடி தூசன்று; அச்செடி தனக்குத்தானே பூசிக்கொண்ட மெழுகு. அதைத் தேய்த்து எடுப்பது போர்வையை உரிப்பதற்கு நிகர். மெழுகின் பெருமையைத் தாமரையிடம் காணலாம். நீர் ஒட்டாத அதன் இலையைப் பற்றின்மைக்கு உவமையாக நாம் எண்ணற்ற முறை கேட்டிருக்கிறோம். ஜெர்மானியத் தாவரவியலாராகிய பார்த்லாட், நைன்ஹூயிஸ் இருவரும் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவ்விலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகும் சேர்ந்து நீர்த்துளியை உருண்டோடச் செய்வதையும், உருளும் துளி தூசையும் உடன் கொண்டுபோவதையும் விளக்கினர். தாமரைக்குத் துடைப்பார் தேவையில்லை.

நம் செடிகளுக்கும் ஆண்டில் சில நாட்கள் அந்தப் பேறு கிட்டச்செய்யலாம். தென்மேற்குப் பருவத்தின் மாலை மழையிலும் ஐப்பசி, கார்த்திகைத் தூறலிலும் தொட்டிகளைப் பால்கனியில் வைத்துவிட்டால், நம் கை தீண்டாமலே தூசு கழியும். இதனினும் இயற்கையான முறை வேறில்லை, செலவும் இல்லை. பலத்த மழையில் வேண்டாம். காற்றுக்குத் தொட்டி சாயும். தொட்டியின்கீழ் வைக்கும் தட்டில் நீர் தேங்குவதைத்தான் முதன்மையாகக் கவனிக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. வெப்ப நாட்களில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். புழு நெளியத் தொடங்கியபின் நீரைக் கொட்டினால் அத்தனை உயிரும் மாய்கின்றன. கொட்டாவிட்டால் குழந்தைகளுக்குக் காய்ச்சல். இந்த இக்கட்டிற்கு வந்தபின் அறம் தேடுவதில் பயனில்லை. மழை நின்றவுடன் தட்டைக் கவிழ்த்துத் துடைத்து வைப்பவர்க்கு அந்த இக்கட்டே வருவதில்லை. தூசிலும் இதுவே நிலை. தூசு சேராத இலையில் சிலந்திப்பேன் எளிதில் குடியேறுவதில்லை; குடியேறாததைக் கொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வாரந்தோறும் இலையைக் கண்ணால் பார்ப்பவர், தெளிப்பானைத் தொட வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம்.

இத்தனையும் செய்தும் மாவுப்பூச்சி வந்துவிட்டால்? வரத்தான் செய்கிறது. அப்போது அத்தொட்டியை மற்றவற்றினின்று பிரித்து வைக்கலாம். பூச்சி அடர்ந்த இலையைக் கிள்ளி, இலையோடு அவற்றைக் குடியிருப்பின் வெளிப்புறத்தில், பிறர் பயிரோ தோட்டமோ அருகில் இல்லாத நிழலில் வைத்துவிடலாம். இலையைக் கிள்ளுவது செடிக்கு ஊறுதான். நிலைத்து நிற்கும் ஓரறிவுயிரின் ஓர் உறுப்புக்கு ஏற்படும் ஊற்றையும், இயங்கும் உயிர்க்கூட்டத்தின் கொலையையும் எதிரெதிரே வைத்தால், சிராவகர்க்கு விதிக்கப்பட்ட வழி எது என்பதில் குழப்பமில்லை. அவ்வாறு வைக்கப்பட்ட பூச்சிகளில் பல பிழைக்கா என்பதும் நாம் அறியாததன்று. வெளியில் பொறிவண்டுகள் அவற்றைத் தின்னும். அதனை நாம் விரும்பவும் இல்லை, நம் கையால் செய்யவும் இல்லை என்று கூறும்போது மனம் முழு நிம்மதி அடைவதில்லை. அந்நெருடல் இருப்பதே நலம் என்று தோன்றுகிறது. நெருடலின்றிச் செடி வளர்ப்பவர் அதனை ஒரு பொருளாக எண்ணத் தொடங்கிவிட்டார்.

பொருள் என்றதும் இன்னொரு செய்தி. வீட்டுச் செடிகள் காற்றைத் தூய்மைப்படுத்துகின்றன, ஆகையால் பத்துத் தொட்டி இருந்தால் பத்து நன்மை என்று கூறி விற்பனை செய்கின்றனர். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்காக 1989ஆம் ஆண்டில் வெளியான ஆய்வே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அவ்வாய்வு மூடிய சிறு பேழைகளுக்குள் நிகழ்த்தப்பட்டது. கம்மிங்ஸ், வாரிங் எனும் இருவர் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கி, சன்னலும் கதவும் உள்ள வீட்டில் காற்றோட்டம் செய்வதைச் செடிகள் செய்ய வேண்டுமாயின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சன்னலைத் திறந்து வைப்பதே மேல். செடி அழகுக்காகவும், மனத்தின் குளிர்ச்சிக்காகவும், ஓர் உயிருடன் கூடி வாழும் நிறைவுக்காகவுமே நம் வீட்டில் இருக்கிறது. அது போதாதா? அதற்கு மேல் ஒரு பயனை அதன் தலையில் ஏற்றுவானேன்?

எத்தனை செடி என்ற வினாவைப் பரிக்கிரக பரிமாணத்தின்கீழ் வைத்து நோக்குவதே முறை. ஆடையையும் பாத்திரத்தையும் வரையறை செய்துகொள்ளும் நம் பெண்மணிகள் தொட்டிகளின் எண்ணிக்கைக்கு வரையறை வைப்பதில்லை. ஒவ்வோர் இலையையும் இருபுறமும் பார்த்து, தாங்கிப் பிடித்து, ஒற்றி எடுக்க ஒரு தொட்டிக்குக் கால்மணி நேரமேனும் ஆகும். இருபது தொட்டி வைத்திருப்பவர்க்கு ஐந்து மணி நேரம்! அவர் தெளிப்பானை நாடுவது கொடுமையால் அன்று, எண்ணிக்கையால். நம் கண்ணும் முழங்காலும் இப்போது அனுமதிப்பது மூன்று தொட்டிகளுக்கு மேல் இல்லை. ஏனையவற்றுள் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் சென்ற ஆவணியில் ஊர் ஜினாலயத்து நந்தவனத்திற்குச் சென்றுவிட்டன. குரோட்டன்ஸ் இரண்டையும் மருமகன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்; கிணற்றடியில் இறக்கி வைத்த அன்றே மழை பெய்ததாகத் தொலைபேசியில் கூறினார்.